ஒலியைப் படைக்கக் கற்றல்

மின்னிசைக் கருவியொன்றைப் புதிதாகப் பெற்ற மாணவன் முதற்கண் செய்வது யாது? அதனுட் சேமிக்கப்பட்டுள்ள ஆயத்த ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிப் பார்த்தலே. கால் மணி நேரத்தில் நூறு ஒலிகளைக் கேட்டுவிடுகின்றான். அவற்றுள் ஒன்றேனும் எங்ஙனம் பிறந்ததென அறியான். ஒலியைப் படைக்கக் கற்க விழைவோர் இவ்வழியை விடுத்து, நினைவகமில்லா அனலாக் சிந்தசைசரிலிருந்தே தொடங்குதல் வேண்டுமென்பது எமது துணிபு.

இராபர்ட் மூக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1964-ஆம் ஆண்டில், மின்னழுத்தத்தால் ஆளப்படும் ஒலிக்கருவியை உருவாக்கினார். அவர்தம் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட மினிமூக் என்னும் சிறு கருவியில் மூன்று அலையியற்றிகள் இருந்தன. சேமித்த ஒலி ஒன்றுமில்லை. வாசிப்போர் குமிழ்களின் நிலைகளைத் தாளிற் குறித்து வைத்துக்கொண்டனர். 1978-இல் ப்ராபெட்-5 வெளிவந்த பின்னரே, ஆக்கிய ஒலியைக் கருவியே நினைவில் வைத்திருக்கும் வழக்கம் பரவலாயிற்று. மேடையில் வாசிப்போர்க்கு அஃது ஒரு வரமே; கற்போர்க்கு அன்று.

கற்க வேண்டுவன மிகச் சிலவே. ஓர் அலையியற்றியை மட்டும் திறந்து, ரம்பப்பல் அலையைத் தெரிந்து, ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்துக் கேட்க. அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என வரும் மேற்சுரங்கள் யாவும் அதன்கண் நிறைந்திருத்தலால் அது செவியைக் குத்தும். சதுர அலைக்கு மாற்றின், ஒற்றைப்படை மடங்குகளே எஞ்சும். கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்கள் நினைவுக்கு வரும். இனி, வடிகட்டியின் குமிழை மெல்லத் திருப்புக. உச்சியிலுள்ள மேற்சுரங்கள் முதலில் அடங்க, ஒலி மழுங்கிக் கனிகின்றது. சேர்ப்பதனாலன்றி நீக்குவதனாலேயே புதிய ஒலி பிறத்தலை ஈண்டுச் செவியாற் காண்கின்றோம்.

தமிழ் பயில்வோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. உந்தியினின்றெழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாதலைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தனர். மிடற்றில் எழும் ஒலி ஒன்றே. அதனை அகரமாகவும் உகரமாகவும் வேறுபடுத்துவது வாயின் வடிவம். வடிகட்டியின் ஒத்ததிர்வை உயர்த்திக் குமிழைத் திருப்பின், உகரம் அகரமாகத் திறப்பது போன்றதோர் ஒலி கேட்கும். இதனால் தொல்காப்பியர் மின்கருவியை முன்னறிந்தார் என்று கூற யாம் வரவில்லை; அங்ஙனம் பெருமை பேசுவோர் நம்மிடைப் போதிய அளவு உளர்.

நிற்க. அலையினும் வடிகட்டியினும் முதன்மையானது ஒலியின் காலவடிவம் என்போம். எழுச்சி, தணிவு, நிலை, ஒடுக்கம் என அது நான்கு பகுதியாம். எழுச்சியைச் சில மில்லிவினாடியாகச் சுருக்கி நிலையை அகற்றின் நரம்பைத் தெறித்தாற் போலும். எழுச்சியை ஒரு வினாடியாக நீட்டி நிலையை உயர்த்தின் அதே அலை வில்லிழுத்தாற் போலும். 1948-இல் பாரிஸ் நகரில் பியேர் ஷேஃபர், மணியோசையின் பதிவிலிருந்து அதன் தொடக்கத்தை நீக்கிப் பார்த்தார். எஞ்சிய ஒலி மணியின் இயல்பை இழந்திருந்தது. தொடக்கத்தைக் கொண்டே செவி பெரும்பாலும் ஒலியை இனங்காண்கின்றது. ஆயத்த ஒலிகளையே அமுக்குவோர்க்கு இவ்வுண்மை ஒருகாலும் புலப்படாது.

பொருளில்லையே என்பார்க்கு விடை எளிது. கணினியில் இவ்வமைப்பை அப்படியே நடத்திக் காட்டும் இலவச நிரல்கள் உள. 2017-இல் வெளிவந்த விசிவி ராக் அவற்றுள் ஒன்று. பிறர் ஆக்கிய ஒலியைத் திறவாமல், வெறுமையிலிருந்து தொடங்கினாற் போதும். நாளை விழாவில் வாசிக்க வேண்டியவன் ஆயத்த ஒலியையே நாடுக. அவன்மேல் எமக்குக் குறையில்லை. ஆனால் அதனைக் கல்வியென்று அவன் அழைத்தலை ஒப்போம்.

தொடங்குவோர் முதல் வாரத்திற் கிளாரினெட்டை நாடுக. கல்லூரி மணியைச் சில திங்கள் ஒத்திவைக்க. அதன் மேற்சுரங்கள் முழுமடங்குகளாய் நில்லாமையின், ஓர் அலையியற்றிக்கு அது வசப்படாது.