பத்தாவது எண்ணைக் காணோம்

நீளமான ஒரு பட்டியலை மும்மூன்றாகப் பிரித்து, பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்குவது நிரல் எழுதுவோருக்கு அன்றாட வேலை. ஆனாலும் அதற்கென்று பைத்தானின் ஐட்டர்டூல்ஸில் ‘பேட்ச்டு’ வந்து சேர்ந்தது 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பில்தான் (அது தருவது டூப்பிள்கள்; பட்டியலாக்கிக்கொள்வது பெரிய வேலையில்லை). அதுவரை பலரும் கையாண்டது, ஒரே இட்டரேட்டரை ‘ஜிப்’புக்கு மூன்று முறை கொடுக்கும் உத்தி. பார்க்க அழகான ஒற்றை வரி. ஆனால் ஒன்று முதல் பத்து வரை எண்களைக் கொடுத்தால் மூன்று குழுக்கள் வரும், பத்தைக் காணோம். பிழைச்செய்தியும் வராது. க்ளோஜரின் ‘பார்ட்டிஷன்’ செய்வதும் இதையேதான். மிச்சமும் வேண்டுமென்றால் ‘பார்ட்டிஷன்-ஆல்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். ரூபியின் ‘ஈச் ஸ்லைஸ்’ கேட்காமலே பத்தைக் கடைசியில் தனிக் குழுவாக வைக்கிறது. ரூபி செய்வதுதான் சரி. மூன்றுக்கு மூன்று அணி கட்டுகிறவருக்கு அரைகுறை வரிசை இடைஞ்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை சம்பளம் போட வேண்டிய வங்கிக் கணக்குகள் என்றால், கடைசி ஊழியருக்குப் பணம் போகாது. அவரே வந்து கேட்கும் வரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவும் தெரியாது. பைத்தானின் 3.13 பதிப்பில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது: பேட்ச்டுக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ என்று சொல்லி வைத்தால், கடைசிக் குழு நிறையாதபோது ‘வேல்யூ எரர்’ காட்டி நின்றுவிடுகிறது.