இரைப்பையைச் சுருக்கினால் மட்டும் போதுமா?

எடை குறைக்கும் ஆபரேஷனைப் பற்றி நம்மவர்கள் இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒன்று, "வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொள்கிறான்" என்ற ஏளனம். மற்றது, "மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், முப்பது கிலோ போய்விடும்" என்ற விளம்பரப் பேச்சு. இரண்டும் தவறு என்பது என் அபிப்பிராயம். ஏளனத்துக்குப் பயந்து செய்துகொள்ள வேண்டியவர்கள் செய்துகொள்வதில்லை. விளம்பரத்தை நம்பிச் செய்துகொண்டவர்கள், பிறகு வருவது எதற்கும் தயாராக இருப்பதில்லை.

நான் டாக்டர் இல்லை. சிவில் டிப்ளமா படித்துவிட்டு மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி, 2022 நவம்பரில் என் மனைவிக்கு இந்த ஆபரேஷன் நடந்தது என்பதுதான். "எழுதட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்களேன், ஒளிக்க என்ன இருக்கு? எடை எவ்வளவுன்னும் போடுங்க" என்றாள். ஆகவே போடுகிறேன். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 98 கிலோ, வயது 57. பதினான்கு வருடச் சர்க்கரை, இன்சுலின் ஊசி, இரண்டு முழங்காலிலும் வலி, இரவில் மூச்சுத் திணறலுக்கு முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெஷின். டோம்பிவிலி ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்க மூன்று இடத்தில் நிற்பாள்.

முதலில் கணக்கு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என் மனைவிக்கு 42 வந்தது. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல்படி 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கூடவே தீவிர நோய் இருந்தாலோ ஆபரேஷனுக்குப் பரிசீலிக்கலாம். 2022-இல் இத்துறை டாக்டர்களின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து அதைத் தளர்த்தின. நோய் இல்லாவிட்டாலும் 35, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30, நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றன. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதுதான் காரணம்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில், ஜாதகம் பார்க்கத் தொடங்கியிருக்கும் பெண்ணுக்கு இதைச் செய்யலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பெண் 160 சென்டிமீட்டர், 66 கிலோ. பி.எம்.ஐ. 26-ஐக்கூடத் தொடவில்லை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இது அழகு சாதனம் இல்லை, நோய்க்கான வைத்தியம். உடம்பின் ஓர் உறுப்பில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பிள்ளை வீட்டாரை மாற்றுங்கள், பெண்ணின் இரைப்பையை விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் அதிகம் நடப்பது ஸ்லீவ் என்பது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வைத்துப் பார்த்து, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போன்ற குழாய்தான் மிச்சம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் பகுதியில் சுரப்பதால் பசியும் குறைகிறது. இன்னொன்று பைபாஸ். 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் தொடங்கிவைத்தது, பிறகு பல மாறுதல்கள் கண்டது. இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் வைத்து அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். சர்க்கரைக்கு பைபாஸ் இன்னும் பலமான வைத்தியம். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும் அதையே சொல்வார்கள், ஏனென்றால் ஸ்லீவ் செய்தால் எரிச்சல் கூடலாம். எது பொருந்தும் என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்துகொண்டார் என்பதைப் பார்த்து அல்ல.

ஆபத்து இல்லையா? உண்டு. ஸ்டேப்ளர் போட்ட வரிசையில் கசிவு வரலாம், ரத்தம் கசியலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் என்கிறார்கள். அந்த எடையோடும் அந்தச் சர்க்கரையோடும் இன்னும் இருபது வருடம் ஓட்டுவதில் உள்ள ஆபத்து அதைவிட அதிகம். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-இல் அதன் முடிவு வந்தது. அதைப் படித்த பிறகுதான் நான் சம்மதித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மாதம் பரிசோதனையிலேயே போனது. ரத்தம், தைராய்டு, இதயம், மூச்சு, தூக்கம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். "நான் என்ன பைத்தியமா?" என்று என் மனைவி முறைத்தாள். ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி நியாயமானது: "கவலை வந்தால் என்ன செய்வீர்கள்?" "சாப்பிடுவேன்" என்றாள் இவள். "ஆபரேஷனுக்குப் பிறகு அது முடியாதே, வேறு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. மாலையில் பஜனை மண்டலிக்குப் போவது என்று முடிவானது.

கடைசி இரண்டு வாரம் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் நிறுத்தம். புரதப் பவுடர், மோர், சூப், காய்கறி மட்டும். எடை குறைவதற்காக அல்ல. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும், அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்கும். இந்த இரண்டு வாரத்தில் திருட்டுத்தனமாகத் தின்பவர்கள் தங்கள் சர்ஜனின் கையைத்தான் கட்டுகிறார்கள். புகைபிடிப்பவர்கள் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே நடக்க வைத்தார்கள். பிறகு வந்தது எனக்கு நன்றாகப் புரிந்த விஷயம். தண்டவாளத்தில் ஜல்லி சல்லடை போட்டுப் புதுப்பித்தால் உடனே வண்டியை முழு வேகத்தில் விட மாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், பிறகு படிப்படியாகத்தான் கூட்டுவோம். அதேபோல இரண்டு வாரம் திரவம் மட்டும், பிறகு கூழ்போல மசித்தது, பிறகு குழைவானது, ஆறு வாரத்துக்குமேல்தான் சாதாரணச் சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி இடைவெளி வேண்டும். ஒரு கரண்டி ரசம் சாதத்தை இருபது நிமிடம் மென்று சாப்பிட வேண்டும். நமக்கெல்லாம் இருபது நிமிடத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடே முடிந்துவிடும்!

சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஓர் இட்லியில் 2 கிராம் அளவுதான் இருக்கிறது. 60 கிராமுக்கு 30 இட்லி, கோப்பையளவு வயிற்றில்! ஆகவே தட்டில் முதலில் பனீர், தயிர், பருப்பு, சுண்டல், கடைசியில் இடமிருந்தால் சோறு. நம் சமையலையே தலைகீழாகத் திருப்பிப் போடுவது இது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி இடைவெளி தேவை. இரும்பு மாத்திரையோடு காபி, டீ ஆகாது. இந்த மாத்திரைச் செலவும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனைச் செலவும் எங்களுக்குக் காட்டிய "பேக்கேஜ்" காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும், எடை குறையும்வரை காத்திருக்காது. பழைய அளவு ஊசியையே போட்டால் மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டு உடனுக்குடன் குறைக்க வேண்டும், ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே. என் மனைவிக்கு இன்சுலின் நின்றது, ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. பல வருடச் சர்க்கரை என்பதால் முற்றிலும் போகவில்லை. மூச்சு மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

நான்காம் மாதம் தலைமுடி கொட்டியது. அதுதான் அவளை அழவைத்தது. வேகமாக எடை குறையும்போது பலருக்கும் இப்படி நடக்கும், பெரும்பாலும் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னது சரியாகவே இருந்தது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது, அது போகவில்லை. பித்தப்பையில் கல் வரலாம் என்று சில மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இளம் பெண்கள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தால் கருத்தரிப்பது எளிதாகிவிடுவதால் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். மது குடிப்பவர்களுக்கு முன்பைவிடச் சீக்கிரம் தலைக்கேறும்.

ஒன்றரை வருடத்தில் 70 கிலோவுக்கு வந்தாள். இப்போது 73. மூன்று கிலோ திரும்பியிருக்கிறது. பலகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொறித்தால் எந்த ஆபரேஷனையும் தோற்கடித்துவிடலாம். ஐஸ்கிரீமும் பாயசமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

எனக்குத் தெரிந்த தமிழ் இளைஞர் ஒருவர், இங்கே தனியாக இருப்பவர், ஆபரேஷனை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் திருநெல்வேலிக்குப் போனார். "பிள்ளை இளைத்துவிட்டானே" என்று அம்மா ஆசையாகப் பரிமாற, மறுக்கவும் முடியாமல் காரணம் சொல்லவும் முடியாமல் சாப்பிட்டார். சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார். வாந்தி வாரக்கணக்கில் நீடித்தது, மாத்திரையும் தங்கவில்லை. கால்கள் மரத்து, நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். பி1 வைட்டமின் குறைவு. ஊசியாக ஏற்றி மீட்டார்கள், ஆனால் கால் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. தொடர் வாந்தி என்றால் ஒருநாள்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பதை அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரே இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். மகன் ஏன் சொல்லவில்லை? நாம் ஏளனம் செய்வோம் என்றுதான்.

ஊசி மருந்துகள் வந்துவிட்டனவே என்று கேட்கிறார்கள். மவுன்ஜாரோவும் வெகோவியும் 2025-இல் நம் நாட்டுக்கு வந்தன, எடையும் நன்றாகக் குறைகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. பலருக்கு அவை போதுமானதாக இருக்கலாம், டாக்டரோடு பேசிப் பார்க்க வேண்டியதுதான். பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டி, நோய்களும் சேர்ந்தவர்களுக்கு இன்றும் ஆபரேஷன்தான் வலுவானது என்பது என் எண்ணம். பணத்தைப் பொறுத்தவரை, 2019-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. 40 இருந்தால், அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்து மற்ற முயற்சிகள் பலிக்காமல் போயிருந்தால், டாக்டரின் பரிந்துரையோடு கேட்கலாம். உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று முன்பே பாருங்கள்.

நம் சங்க ஆண்டு விழா விருந்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் பின் முதல் தடவை என் மனைவி இலையில் உட்கார்ந்தபோது, "அவ்வளவுதானா? எங்க வீட்டுச் சமையல்னா இப்படியா சாப்பிடுவீங்க?" என்று ஒருவர். "உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று என் காதில் இன்னொருவர். பரிமாறியவரோ கையால் மறைத்த இலையின் மேலேயே ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போனார். எல்லாம் அன்பில் செய்வதுதான், தெரியும். அன்பு என்றாலே அதிகமாகப் பரிமாறுவது என்று பழகிவிட்டோம். அவள் அடுத்த இரண்டு விழாக்களுக்கு வரவில்லை.

வருகிற பொங்கல் விருந்தில் பெரிய பந்தியோடு அரை இலைப் பந்தி ஒன்றும் போட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் சுண்டல், பருப்பு, தயிர், கூட்டு முதலில் வரும், சோறும் இனிப்பும் கேட்டால் மட்டும். பரிமாறுபவர்கள் இரண்டாம் முறை வற்புறுத்தக் கூடாது. சர்க்கரைக்காரர்களும் முதியவர்களும் அதில் உட்காரலாம், யார் எதற்காக உட்கார்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. பரிமாற நான் வருகிறேன். என் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.