ஜூனியர் வழக்கறிஞருக்கு யார் சம்பளம் தருவது?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்பு செட்டித் தெருவிலும் அர்மேனியன் தெருவிலும் இருக்கும் சேம்பர்களில் காலையில் முதல் ஆளாக வந்து நிற்பவர் ஜூனியர்தான். சீனியரின் வழக்கு எந்த கோர்ட்டில், எத்தனையாவது எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சீனியர் வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தால் எழுந்து நின்று, வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்லி ‘பாஸ் ஓவர்’ கேட்க வேண்டும். சாயங்காலம் மனுவைத் தயாரித்து, ஸ்கேன் செய்து, இ-ஃபைலிங்கில் ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது இருட்டியிருக்கும். இத்தனைக்கும் மாதக் கடைசியில் கைக்கு வருவது, பல சேம்பர்களில் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். சில இடங்களில் அதுவும் கிடையாது. தொழில் கற்றுக்கொடுப்பதே கூலி என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தைச் சுரண்டல் என்று வெளிப்படையாகவே சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2024 ஜூனில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் பணியாற்றும் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கிடைக்க வழிசெய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது.

சுற்றறிக்கை பரிந்துரைதான். சம்பளம் தரப்படுகிறதா என்று சேம்பர் சேம்பராகப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஜூனியரே புகார் கொடுத்தாலொழிய விஷயம் வெளியே வராது.

அவர் கொடுப்பாரா? 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். சட்டப் படிப்பு முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுத முடியாது, மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை அந்தத் தீர்ப்பு மீட்டெடுத்தது. அந்த அனுபவத்துக்கு, ஜூனியர் பணியாற்றும் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தரலாம். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றை அந்த அதிகாரி உறுதிசெய்யலாம். நடைமுறையில் அந்த வழக்கறிஞர் பெரும்பாலும் சொந்த சீனியராகத்தான் இருப்பார். நாளைக்கு யாரிடம் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டுமோ, அவர்மீதே இன்று புகார் எழுது என்றால் எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

கோர்ட் அனுபவம் இல்லாதவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் எண்ணத்தில் குறை காண முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது? வீட்டில் வசதி இருப்பவர் தாக்குப்பிடிப்பார். வாடகை கொடுத்து, கடன் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டியவர் பாதியிலேயே கோட்டைக் கழற்றிவிட்டு ஏதாவதொரு கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பெண்களும்தான் இதில் முதலில் அடிபடுவார்கள்.

வேலையின் பாரமும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் பிரிவு. இன்று அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து மனுவுக்கு 528. தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது. பழைய வழக்குகளுக்குப் பழைய சட்டம், புதியவற்றுக்குப் புதிய சட்டம் என்று இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மனு எழுதுபவர் இந்த ஜூனியர்தான்.

சீனியர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் நாலைந்து சிவில் வழக்குகளை வைத்துக் காலம் தள்ளுபவருக்கு மாதம் 15,000 எடுத்துக் கொடுப்பது கஷ்டம். கட்டாயப்படுத்தினால் ஜூனியரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பெரிய சேம்பரையும் சின்ன சேம்பரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

அந்த இடத்தில்தான் அரசு வர வேண்டும். புதிய வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் என்று 2020-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் சென்னையில் அது அறை வாடகைக்கே காணாது. தொகையை உயர்த்தி, காலத்தை மூன்று ஆண்டாக்கி, சின்ன சேம்பர்களில் இருப்பவர்களுக்கு அரசே பங்கு கொடுக்கலாம். வருமான வரி கட்டும் பெரிய சேம்பர்கள் முழுத் தொகையையும் வங்கிக் கணக்கு வழியாகத் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே வகுக்கலாம். வங்கி வழியாகப் பணம் வந்தால் மூன்று ஆண்டு அனுபவத்துக்கு அந்தக் கணக்குப் புத்தகமே ஓர் ஆதாரமாகும். சீனியரின் கையெழுத்தை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.