கார் இருக்கு... பிஸ்டன் எங்கே?
ஹெரால்டு கார்க்காரர்கள் திண்டாட்டம்

“இருக்குதா?”

“இல்லே சார்... வராது.”

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பிஸ்டன் கேட்டால் பேச்சு இந்த இரண்டு வரியிலேயே முடிந்துவிடும்.

இத்தனைக்கும் அது சீமையிலிருந்து இறக்கிய கார் அல்ல. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான கார். 1961-ல் ஹெரால்டு வெளிவந்தது. அடுத்து 1972-ல் ‘கெஸல்’ வந்தது. 1988-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது.

பிறந்த ஊரிலேயே அந்தக் காருக்கு இன்று சாமான் இல்லை!

சட்டத்தில் ஒரு கொக்கி

“பழைய கார் பணக்காரர் விளையாட்டு. நமக்கென்ன?” என்று கேட்கலாம். ராஜா, ஜமீன்தார் வீட்டுக் கார்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ஹெரால்டு அப்படி அல்ல. டாக்டரும் வக்கீலும் ஆபீசரும் சேமித்த பணத்தில் வாங்கிய கார். அப்பா ஓட்டிய வண்டி என்பதற்காகவே மகன் வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

அப்படிப்பட்டவர்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு வழி செய்தது. 50 வயதைத் தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம் என்று விதி வந்தது. நம்பர் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து இருக்கும். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும். தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பழைய கார் பவனிக்கும் எடுத்துப் போகலாம்.

நல்ல காரியம்தான். ஆனால் அதிலே ஒரு கொக்கி இருக்கிறது. வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றி அமைத்திருக்கக் கூடாது.

பிஸ்டன் கிடைக்காதவர் என்ன செய்வார்? வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி மாட்டிவிடுவார். கார் ஜோராக ஓடும். ஆனால் ‘வின்டேஜ்’ தகுதிக்கு ஆபத்து வந்துவிடும்!

ஆக, நாலு பிஸ்டன் கிடைப்பதும் கிடைக்காததும்தான் ஒரு காரின் ஜாதகத்தை நிர்ணயிக்கிறது.

ஏன் கிடைக்கவில்லை?

ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி. பிஸ்டனின் குறுக்களவு 63 மில்லிமீட்டர். ஓட ஓட சிலிண்டர் தேயும். புகை கக்கும், எண்ணெய் குடிக்கும். உடனே மெக்கானிக் சிலிண்டரைப் ‘போர்’ போட்டுச் சற்றே அகலமாக்குவார். அதற்கு ஏற்றபடி கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

50, 60 வருடத்தில் இந்த வைத்தியம் பல தடவை நடந்திருக்கும். ஆகவே தேடுகிறவருக்கு வெறும் ‘ஹெரால்டு பிஸ்டன்’ போதாது. அவர் வண்டி இன்று நிற்கும் அளவுக்குச் சரியான பிஸ்டன் வேண்டும். அளவு தப்பினால் தங்கத்தில் செய்து கொடுத்தாலும் பயனில்லை.

இங்கிலாந்தில் இதே எஞ்சின் வம்சத்தில் வந்த ‘ஸ்பிட்ஃபயர்’ கார் 1980 வரை தயாரானது. அதற்கு அங்கே இன்றும் சாமான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கார் 1147 சி.சி. எஞ்சினோடுதான் தொடங்கியது. அதன் பிஸ்டன் 69 மில்லிமீட்டருக்கும் மேல். வம்சம் ஒன்று, அளவு வேறு! பொருந்துகிற மற்ற சில சாமானை வரவழைத்தாலும் அனுப்பும் கூலி, சுங்க வரி என்று பர்ஸ் காலியாகிவிடும்.

புதுப்பேட்டையில் என்ன நிலை?

அந்தக் காலத்தில் புதுப்பேட்டைதான் கைகொடுத்தது. ஒரு கார் உடைபட்டால் இன்னொரு கார் பிழைக்கும். இன்று உடைக்க வருவதெல்லாம் பின்னால் வந்த வண்டிகள். ஹெரால்டு வருவது அபூர்வம்.

நாளைக்கு இதே கதி அம்பாசடருக்கும் வரலாம். அதன் உற்பத்தி 2014-ல் நின்றது. கடைசியாக வந்த அம்பாசடருக்கு 50 வயது ஆக 2064 வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை வைத்திருப்பது சுலபமா? 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025-ல் 10 ஆயிரம் ஆனது. “தொல்லை விட்டது” என்று எடைக்குப் போடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

புகை வண்டிகள் தெருவை விட்டுப் போக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உடைக்கிறபோது நல்ல கிராங்க் ஷாஃப்டும் சிலிண்டர் ஹெட்டும் சேர்ந்து உலைக்குப் போகின்றன. 50 வயதில் காருக்கு மாலை போடும் சட்டம், 20 வயதில் அதன் உறுப்புகள் உருகுவதைக் கவனிக்கவில்லை.

வழி உண்டா?

உண்டு. உற்பத்தி நின்றுபோன கார்களின் எஞ்சின் சாமான்களை உருக்குவதற்கு முன் தனியே எடுத்து, பட்டியல் போட்டு விற்கச் செய்யலாம். அரசுக்குப் பெரிய செலவு இல்லை.

கார்க்காரர்களும் ஒன்று சேரலாம். ஒரே ஒரு செட் பிஸ்டன் வார்க்க அச்சுக் கூலியே முழுங்கிவிடும். பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் அந்தக் கூலி பத்தாகப் பிரியும்.

முக்கியமாக, கழற்றிய பழைய பிஸ்டனை எடைக்குப் போடக் கூடாது. தேய்ந்திருந்தாலும் அதுதான் மாதிரி. அதை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் புது அச்சு எடுக்கும் வசதி இன்று வந்துவிட்டது. மாதிரியே இல்லாவிட்டால் லேத் பட்டறைக்காரர் எதைப் பார்த்துக் கடைவார்?

50 வயதுவரை காத்திருக்கச் சொல்கிறது சட்டம். கார் காத்திருக்கும். பிஸ்டன் காத்திருக்குமா?