லைப்ரரி கேட்டதைச் செய்யும், சரியா என்று சொல்லாது

டேலியில் வேகமாக என்ட்ரி போடத் தெரிந்தவரெல்லாம் கணக்கர் ஆகிவிட முடியாது. எது பற்று, எது வரவு என்று தெரியாமல் போட்டால், தப்பான கணக்கையும் டேலி சரியாகவே கூட்டிக் கொடுக்கும்!

தகவலைப் பூட்டி வைக்க உதவும் என்கிரிப்ஷன் லைப்ரரிகளும் அப்படித்தான். "சொந்தமாக எழுதாதே, நிபுணர்கள் எழுதியதை எடுத்துப் பயன்படுத்து" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பாதி அறிவுரை.

2013-ல் அடோபி நிறுவனத்தில் குறைந்தது 3.8 கோடி பேரின் பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவை திறந்து கிடக்கவில்லை. ட்ரிபிள் டெஸ் முறையில் பூட்டித்தான் இருந்தன. அந்தப் பூட்டை உடைக்கவே தேவைப்படவில்லை. ஏன்? ஈசிபி என்ற வகையில் பூட்டியதால், ஒரே பாஸ்வேர்டு வைத்த அனைவருக்கும் ஒரே குறியீடு வந்திருந்தது. மறந்தால் உதவட்டும் என்று அவரவர் எழுதிய குறிப்புகளோ பூட்டப்படவே இல்லை. ஒருவரின் குறிப்பு புரிந்தால் போதும், அதே குறியீடு உள்ள எல்லோரின் பாஸ்வேர்டும் காலி!

பாஸ்வேர்டைத் திரும்பத் திறக்கக்கூடிய பூட்டில் வைக்கவே கூடாது. ஆளுக்கொரு தனி 'சால்ட்' சேர்த்து, மீட்க முடியாதபடி ஹாஷ் செய்ய வேண்டும். இது அடிப்படைப் பாடம். தவறாகப் பயன்படுத்தினாலும் நிரல் ஓடும், பிழைச்செய்திகூட வராது.

கணிதம் முழுக்கத் தேவையில்லை மக்களே. எந்தக் கருவி எதற்கு என்றாவது படித்துவிட்டுத் தொடுங்கள். ஏனெனில் நஷ்டம் நிரல் எழுதியவருக்கு அல்ல, நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்தவருக்கு.