சாம்ராஜ்யம் ஏன் தள்ளாடுகிறது?

“அம்மா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடு. இல்லாவிட்டால் என் சாம்ராஜ்யம் அழிந்தே போய்விடும்!” என்று உங்கள் திருக்குமாரனோ குமாரத்தியோ முறையிட்டால் என்ன செய்வீர்கள்? கிராபிக்ஸ் கார்டு என்பது கொத்தமல்லிக் கட்டு அல்ல. சில ரகங்களின் விலையைக் கேட்டால், தப்பித் தவறி நகைக் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று பிரமை தட்டும். ஆகவே, கைப்பையைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சாம்ராஜ்யத்துக்கு என்ன வியாதி என்று விசாரித்து விடுவது உத்தமம். இந்த வாரம் அந்த விசாரணைதான்.

விளையாட்டின் பெயர் ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்’. கனடாவிலுள்ள ஐயன்கிளாட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தார் இதைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள ஸ்டார்டாக் நிறுவனத்தார் 2008 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் உருவான இது, அந்த வருஷம் செப்டம்பருக்குள் ஐந்து லட்சம் பிரதிகள் விற்றுவிட்டது.

கதாபாத்திரங்கள் மூன்று கட்சியார். வியாபாரிகளின் கூட்டணி ஒன்று. ஆயிரம் வருஷங்களுக்கு முன் அவர்களால் நாடு கடத்தப்பட்டு, இப்போது பழி தீர்க்க வந்திருக்கும் அட்வெண்ட் கூட்டம் ஒன்று. தங்கள் பழைய சாம்ராஜ்யத்தை ஏதோ ஒன்று விழுங்கிவிட, பதினாயிரம் வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கும் வாசாரிகள் மூன்றாவது. அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று முதல் விளையாட்டில் கடைசி வரை சொல்லவே இல்லை! நம் தொடர்கதை ஆசிரியர்கள் கூட வாசகர்களை இப்படிக் காக்க வைக்க மாட்டார்கள்.

சதுரங்கத்தில் எதிராளி காய் நகர்த்தும் வரையில் நாம் காப்பி சாப்பிடலாம். இங்கே அப்படியில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஆனாலும் பிள்ளைகள் விசைப்பலகையைப் படபடவென்று தட்டும் ரகமும் அல்ல இது. ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் போய்ச் சேர ஆற அமர நேரம் பிடிக்கும். தனியாக விளையாடும்போது ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாக உத்தரவு போடவும் இடமுண்டு. அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகலாம். எந்த எதிரியும் ஆட்சேபிக்க மாட்டான்.

குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இந்த யுத்தம் வெகு சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். பணம், உலோகம், படிகம் என்று கஜானாவில் மூன்றே சாமான்கள். முதலாவது பெருங்கப்பலைக் கட்டச் செலவே கிடையாது. அது சீதனம். வியாபாரிகள் கட்சியில் ‘அக்கான்’ என்ற கப்பலை எடுத்தால், போகிற இடமெல்லாம் கிரகங்களைக் குடியேற்றிக்கொண்டே போகலாம். ‘மார்ஸா’ என்ற கப்பலை எடுத்தால் ஆரம்பத்தில் சற்று சாதுவாகத்தான் இருக்கும். அனுபவம் முதிர்ந்து ஆறாவது படியை எட்டிவிட்டதோ, ஒரே ஏவுகணை மழையில் எதிரிக் கூட்டத்தைத் துவம்சம் செய்துவிடும். இப்படி அனுபவப்பட்ட கப்பலை இழந்தால், கட்டிய செலவோடு அதன் அனுபவமும் போய்விடும். புதிதாக வருவது மறுபடியும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு பொல்லாத சட்டம் இருக்கிறது. படையைப் பெருக்க வேண்டுமானால் முதலில் ‘இத்தனை கப்பல் வரை வைத்துக்கொள்ளலாம்’ என்ற உச்சவரம்பை உயர்த்த வேண்டும். உயர்த்திய கணத்திலிருந்து வருமானத்தில் ஒரு பங்கு பிடித்தம். கப்பல் கட்டினாலும் பிடித்தம், கட்டாவிட்டாலும் பிடித்தம். பெரிய வீட்டுக்குக் குடிபோய்விட்டால், பாதி அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்லி வாடகையைக் குறைக்க முடியுமா? அவசரப்பட்டுப் படையைப் பெருக்கியவன் கஜானா காலியாகி முழிப்பதும், நாலு கிரகத்தைச் செழிப்பாக்கிவிட்டு நிதானமாகப் படை சேர்த்தவன் ஜயிப்பதும் இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம்.

இனி வியாதிக்கு வருவோம். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஜோராக நடக்கும். பெரிய வரைபடத்தில், ஏழெட்டு ராஜாக்கள், ஆளுக்கு நூற்றுக்கணக்கான கப்பல்கள் என்று ஆட்டம் முற்றியதும் எல்லாமே தேனில் விழுந்த ஈயைப் போல் நகர ஆரம்பிக்கும். ஆட்டத்துக்குள் ஒரு நிமிஷம் நடப்பதற்கு நம் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் ஆகும். ‘கார்டு போதவில்லை’ என்று பிள்ளை கூக்குரலிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

வாஸ்தவத்தில் கார்டின் உத்தியோகம் படம் வரைவது. எந்தக் குண்டு எந்தக் கப்பலைத் தாக்கியது, எந்தக் கிரகத்துக்கு எவ்வளவு வரி வந்தது, எந்தப் படை எங்கே திரும்பியது என்ற கணக்கெல்லாம் பிராசஸர் என்னும் மூளையின் தலையில். 2008-லேயே ஒரு பிராசஸருக்குள் இரண்டு, நான்கு மூளைகள் வந்துவிட்டன. அவற்றைக் ‘கோர்’ என்பார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் எட்டு இருப்பதும் அதிசயமில்லை. இருந்து என்ன பிரயோஜனம்? இந்த விளையாட்டு யுத்தக் கணக்கின் பெரும் பகுதியை ஒரே கோரிடம்தான் ஒப்படைக்கும். கல்யாண வீட்டில் எட்டுச் சமையற்காரர்களை அமர்த்திவிட்டு, ஒருவர் மட்டும் ஆயிரம் இலைக்கு வியர்க்க விறுவிறுக்கச் சமைக்க, மற்ற ஏழு பேரும் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? புதுக் கார்டு வாங்குவது, இந்த நிலைமையில் பந்தி பரிமாற இன்னும் நாலு பேரை அழைத்து வருவதற்குச் சமானம். பரிமாறுவதற்குச் சாதம் வெந்தால் அல்லவா?

எழுதினவர்கள் அசடுகள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கைப் பிரித்துக் கொடுப்பது லேசான காரியமல்ல. கேடயம் முதலில் விரிந்ததா, குண்டு முதலில் விழுந்ததா என்பதில் வரிசை தவறினால் முடிவே மாறிப்போகும். பல பேர் சேர்ந்து விளையாடும்போது இன்னும் சங்கடம். ஒவ்வொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் அதே யுத்தத்தைத் தனித்தனியே கணக்குப் போட்டு, இம்மி பிசகாமல் ஒரே விடைக்கு வர வேண்டும். ஆகையால் கூட்டத்தில் எது மந்தமான யந்திரமோ, அதற்காக மற்றவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் பிள்ளை தங்கத்தாலேயே கம்ப்யூட்டர் செய்து வைத்துக்கொண்டாலும், சிநேகிதன் வீட்டுப் பழைய யந்திரத்தின் வேகம்தான் அவனுக்கும்.

நினைவகத்தின் கதையும் இதே ரகம். பழைய விளையாட்டு 32 பிட் கணக்கில் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட நிரலுக்கு விண்டோஸ் சாதாரணமாக ஒதுக்கும் இடம் 2 ஜிபி. கம்ப்யூட்டரில் 32 ஜிபி பொருத்தினாலும் அதன் பங்கு அவ்வளவுதான். ஸ்டார் டிரெக் கப்பல்களையெல்லாம் ரசிகர்கள் ஆசை ஆசையாக உள்ளே சேர்த்தபோது, இடம் போதாமல் ஆட்டம் நடுவிலேயே பொத்தென்று விழுந்தது. 2012-இல் வந்த ‘ரிபெலியன்’ பதிப்புக்குப் பிற்பாடு 4 ஜிபி வரை இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

சரி, கார்டுதான் குற்றவாளியா இல்லையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். செலவு ஒரு பைசா கிடையாது. ஆட்டம் தள்ளாடும் சமயம் பார்த்து, மௌஸ் சக்கரத்தை உருட்டி வரைபடத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். நக்ஷத்திர மண்டலம் முழுவதும் திரைக்குள் வரும்போது கப்பல்கள் வெறும் சின்னச் சின்ன அடையாளங்களாகிவிடும். கார்டுக்கு வரைய வேலை வெகுவாகக் குறைந்துவிடும். அப்போதும் ஆமை நடைதான் என்றால், மூச்சு வாங்குவது மூளைக்கு, கார்டு நிரபராதி. பின்னுக்கு இழுத்ததும் சரளமாக ஓடி, கிட்டே போனதும் திணறினால் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் கூட, விலை விசாரிப்பதற்கு முன், படத்தின் நேர்த்தியைச் சற்றுக் குறைத்து வைத்துப் பார்க்கலாம்.

மூளைதான் களைக்கிறது என்று தெரிந்தால், வைத்தியம் யுத்த தந்திரத்திலேயே இருக்கிறது. எட்டு ராஜாக்களுக்குப் பதில் நான்கு பேரை வைத்துக்கொள்ளலாம். ரிபெலியன் பதிப்பில் படையின் அளவையே சிறியதாகத் தேர்ந்தெடுக்கலாம். தாய்க் கப்பல்களிலிருந்து ஈசல் போலக் கிளம்பும் குட்டிப் போர்க் கலங்கள் இருக்கின்றனவே, அவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. அவற்றைக் குறைத்து, தேர்ந்த பெருங்கப்பல்களை நம்பினால் யந்திரத்துக்கும் ஆசுவாசம். கிரகங்களுக்கிடையே பாதைகள் இருக்கின்றன. பல பாதைகள் ஒன்று கூடும் சந்தியைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒரு கோட்டை நிலையத்தை நிறுத்திவிட்டால் ஊர் ஊராகப் படை வைக்க வேண்டாம். இந்தக் கோட்டைகள் 2009-இல் வந்த ‘என்ட்ரென்ச்மென்ட்’ என்னும் இணைப்பில் கிடைத்தவை. என்னைக் கேட்டால், விளையாட்டுக்கு நேர்ந்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

2024 ஆகஸ்டில் இரண்டாம் பாகம் முழுமையாக வெளிவந்தது. 64 பிட் யந்திரம். பல கோர்களுக்கும் வேலை. திண்ணையில் இருந்தவர்களை ஒருவழியாக எழுப்பிவிட்டார்கள்! எழுப்பிய கையோடு வேலையும் கூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஏவுகணையும் இப்போது தனியாகப் பறக்கிறது; அதை நடுவழியிலேயே சுட்டு வீழ்த்தலாம். கிரகங்களும் ஒரே இடத்தில் நிற்காமல் சூரியனைச் சுற்றி நகர்வதால் பாதைகள் மாறுகின்றன. சந்தியைப் பிடித்துக் கோட்டை கட்டிய கெட்டிக்காரர் ஒரு நாள் எழுந்து பார்த்தால், சந்தி வேறு பக்கம் போயிருக்கும். இந்தப் பாகத்துக்காக உங்கள் பிள்ளை புதுக் கம்ப்யூட்டர் கேட்டால், கார்டின் விலையோடு பிராசஸரின் விலையையும் சேர்த்தே கடைக்காரரிடம் விசாரியுங்கள்.