பூட்டத் தெரிந்த கை

"பொறியியல் படிக்கிறாயே, என் வண்டிக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்லேன்" என்று மாமா கேட்டார். நான் தலைகுனிந்தேன். மூன்று ஆண்டுகளாகப் பொறிகளைப் பற்றிப் படிக்கிறேன். வெப்ப இயக்கவியலில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால், ஒரு வண்டியின் முன்மூடியைத் திறந்து, "இதோ, இதுதான் குறை" என்று சுட்டிக்காட்ட என் விரலுக்குத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைப் பள்ளியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தச் சுரைக்காய் நானேதான் என்பது அன்றுதான் விளங்கியது.

மாமா மட்டாஞ்சேரியில் மிளகு வாணிகம் செய்பவர். அவரிடம் இருப்பது பழைய சான் ஸ்டார்ம் வண்டி. கோவாவில் சான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1990களின் இறுதியில் உருவாக்கிய, இருவர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் அது. உடல் கண்ணாடியிழை, எஞ்சின் பிரான்சு நாட்டு ரெனோ, 1149 சி.சி. இன்று அந்த வண்டி உருவாக்கப்படுவதில்லை. மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த வண்டி, வெளியே எடுத்தபோது இருமியது. நின்ற இடத்தில் நடுங்கியது. ஒரு பெரிய பணிமனையில் காட்டினார். "நான்கு இஞ்செக்டரையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை வண்டியின் விலையில் பாதி. காயலான் கடைக்கே தள்ளிவிடலாம் என்று மாமா முடிவு கட்டியிருந்த வேளையில்தான், சுள்ளிக்கல்லில் ஒரு தமிழர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

ஞாயிறு காலை களமசேரியிலிருந்து புறப்பட்டுப் போனேன். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரி செல்லும் வழியில் ஒரு சந்து, தகரக் கூரை, அதன் கீழே திருநெல்வேலியிலிருந்து இளமையிலேயே வந்துவிட்ட ஒருவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள்; நானும் அப்படியே அழைத்தேன்.

நண்பர்களே, இஞ்செக்டர் என்பது என்ன? நம் சுண்டுவிரல் அளவே உள்ள எரிபொருள் தெளிப்பான். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள். அது இழுத்தால் திறக்கும் ஊசி. ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் அதன் வாயிலில் காத்து நிற்கிறது. வண்டிச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டிலும் இது மிகுதி. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, பொதுவாக ஓர் இஞ்செக்டர் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சில மில்லி நொடிகளே. அதற்குள் பெட்ரோல் பனிப்புகையாக விரிய வேண்டும். பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால், பிசினாகி நுனியில் படிகிறது. பனிப்புகை சொட்டாகிறது, எஞ்சின் நடுங்குகிறது.

இந்தக் கலை நேற்று முளைத்ததன்று. பெட்ரோல் பீச்சும் முறையோடு 1954இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். என்னும் ஸ்போர்ட்ஸ் கார் சாலைக்கு வந்தது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு முறை 1967இல் வோக்ஸ்வாகன் வண்டியில் ஏறியது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. இவற்றையெல்லாம் தேர்வில் கேட்டால் நான் எழுதிவிடுவேன். எழுத முடியாதவற்றைத்தான் அண்ணாச்சி அன்று காட்டினார்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். அவர் கையமர்த்தினார். "மொதல்ல அழுத்தத்த எறக்கணும் தம்பி." பெட்ரோல் பம்பின் ஃபியூசை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் இருந்த எச்சம் எரிந்து, அது தானே நின்றது. பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். தீயணைக்கும் குப்பியைக் கையெட்டும் தூரத்தில் வைத்தார். அடுத்து, இஞ்செக்டர்கள் அமர்ந்துள்ள குழிகளைச் சுற்றிக் காற்றடித்துத் தூசியை விரட்டினார். முன்னதாகத் துடைக்காமல் பிடுங்கினால், சுற்றியுள்ள மணல் எஞ்சினின் வயிற்றுக்குள் விழும் அல்லவா? மின்செருகிகளைக் கழற்றி, எரிபொருள் குழாயை இருபுறமும் ஒரே சீராக அசைத்துத் தூக்கினார். நான்கும் அதனோடு வந்தன. உடனே திறந்த துளைகளைத் தூய துணியால் அடைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் எழுதினார். இத்தனைக்கும் அரைமணி நேரமே.

எறணாகுளத்தில் ஒரு கடையில் மீயொலித் தொட்டி இருந்தது. அதில் மூழ்கவைத்துத் துடிக்கவிட்டார்கள். பின்னர் நான்கு கண்ணாடிக் குழாய்களின் மேல் பொருத்திப் பீச்சிக் காட்டினார்கள். மூன்றாவது குழாயில் மட்டம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. மீண்டும் தொட்டியில் இட்டார்கள். இம்முறை நான்கும் சமமாக நின்றன. "ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தால் என்ன?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அந்த இஞ்செக்டர் வீண் என்றார்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

இஞ்செக்டர் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக இரண்டு ரப்பர் வளையங்கள்; மொத்தம் எட்டு. எல்லாம் புதியனவாக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். தனக்கென ஆக்கப்படாத பழைய ரப்பரை நாளடைவில் கெடுக்கும். ஆகவே வளையத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொன்றிலும் எஞ்சின் எண்ணெய் ஒரு துளி தடவி நான் பொருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வளையம் கைதவறி எங்கோ உருண்டது. தேடினேன், கிடைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. பழைய வளையம் ஒன்றை எடுத்து மூன்றாம் இஞ்செக்டரின் தலையில் மாட்டிவிட்டு வாய்மூடி இருந்தேன்.

எல்லாம் பூட்டியாயிற்று. எஞ்சினைக் கிளப்புவார் என்று எண்ணினேன். அவரோ சாவியைப் பாதி திருப்பினார், பம்பு உறுமியது, மீண்டும் நிறுத்தினார், மீண்டும் திருப்பினார். பிறகு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். மூன்றாவதன் கழுத்தில் ஈரம் மின்னியது. பெட்ரோல் மணம் எனக்கும் எட்டியது.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

"வளையம் தொலஞ்சா சொல்லணும் தம்பி. கடை பத்து நிமிஷத்துல இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். அழுத்தத்தை இறக்கி, மறுபடி முழுவதையும் கழற்றினார். இரண்டு மணி நேரம் வீணாயிற்று. சூடேறிய எஞ்சின்மேல் அந்தப் பெட்ரோல் கசிந்திருந்தால் மாமாவின் வண்டி மட்டுமா எரிந்திருக்கும்? ஓட்டுபவர் மாமா அல்லவா?

மாலையில் வண்டி ஓடியது, நடுக்கம் இல்லை. எனக்குத்தான் நடுக்கம் தீரவில்லை.

தோழர்களே, கழற்றுவது ஆர்வத்தின் வேலை; பூட்டுவது பொறுப்பின் வேலை. கோவை ஜி. டி. நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்தார் என்று பெருமையோடு பேசுகிறோம். அவர் அதைத் திரும்பப் பூட்டினார் என்பதை ஏன் அழுத்திச் சொல்வதில்லை? பூட்டத் தெரிந்ததனால் அன்றோ 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே கட்டினார்! நம் ஆய்வுக்கூடங்களில் பொறியை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். பார்க்கிறோம், படம் வரைகிறோம். நாம் பூட்டிய ஒன்றில் ஒருவர் ஏறிச் செல்வார் என்னும் அச்சம் நமக்கு வருவதே இல்லை. அந்த அச்சம் இல்லாத படிப்பு அரைப்படிப்பு.

"இனி மின்சார வண்டிகளின் காலம்; இஞ்செக்டரைக் கற்று என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், அழுத்தத்தை இறக்கிவிட்டுத் தொடு, துடைத்துவிட்டுத் திற, எண்ணிட்டு வை, ஓட்டுமுன் சோதி, தவறினால் உடனே சொல் என்னும் ஐந்தும் எந்தப் பொறிக்குத்தான் பொருந்தா? பல நூறு வோல்ட் மின்கலத்துக்கு அவை இன்னும் கூடுதலாக வேண்டும். "அப்படியானால் நாங்களே வீட்டில் கழற்றலாமா?" என்று வேறு சிலர் துள்ளலாம். வேண்டாம். தெரிந்தவர் ஒருவரின் அருகே நின்று, அவர் பார்க்கச் செய்யுங்கள். என்னைக் காத்தது என் அறிவன்று, அண்ணாச்சியின் கைவிளக்கு.

ஃபோர்ட் கொச்சியின் வெளியில் தமிழ் வண்ணார்களின் சலவைத் துறை இருக்கிறது. சுள்ளிக்கல்லில் அண்ணாச்சியின் தகரக் கூரை இருக்கிறது. இவர்களெல்லாம் நம் மொழி பேசும் ஆசிரியர்கள். ஆனால் நாம் தமிழ்விழா எடுக்கும்போது யாரை மேடைக்கு அழைக்கிறோம்? "வெறும் மெக்கானிக்" என்று ஒருவரைச் சொல்லும் நாவு, தமிழர் பெருமை பேசத் தகுதியுடையதா?

நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதழில் கவிதைக்கும் கதைக்கும் பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குங்கள். ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை, செய்பவர் வாய்மொழியைக் கேட்டுத் தமிழில் எழுதுவோம். இஞ்செக்டருக்குத் தூய தமிழ்ச் சொல் எது என்னும் வழக்கைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்; வளையத்தில் எண்ணெய் தடவ மறக்காதே என்பதை முதலில் எழுதி வைப்போம்.

அடுத்த ஞாயிறும் நான் சுள்ளிக்கல் போகிறேன். உடன் வர விரும்புவோர் சொல்லுங்கள். பழைய உடை அணிந்து வாருங்கள்.